யாழ்ப்பாணத்தில் மூன்று நாள்: சென்றல் மைதானமும் ஊருக்கு வராத கிங்ஸும்

ஒழுங்காக எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். முதலில் பஸ், பிறகு தங்குமிடம், அதன் பிறகு சாப்பாடு, கடைசியாக மேட்ச் என்று கைபேசியில் தலைப்புகள் கூடப் போட்டு வைத்திருந்தேன். கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. குரல் போய்விட்டது, மூக்கு வெயிலில் உரிந்துவிட்டது, காதுக்குள் இன்னும் ட்ரம்பெட் ஊதுகிறது. இந்த நிலையில் ஒழுங்கு வராது. வருகிறபடி எழுதுகிறேன். செலவுக் கணக்கை அங்கங்கே சொல்லிவிடுகிறேன், அடுத்த மார்ச்சில் போக நினைப்பவர்களுக்கு உதவும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் மோதிவரும் கிரிக்கெட் மேட்ச்தான் வடக்கின் பெரும் போர். மூன்று நாள் ஆட்டம். ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. சென்றல், சென் ஜோன்ஸ், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம், தமிழ்நாட்டு வாசகர்கள் பட்டப்படிப்புக் கல்லூரி என்று எண்ணிவிட வேண்டாம். களத்தில் நிற்பவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள். நான் சென்றலில் படித்தவன். அதனால் இந்தக் கட்டுரையில் நடுநிலை இருக்காது. தலைப்பில் உள்ள கிங்ஸ், யாழ்ப்பாணத்தின் பெயரில் லங்கா பிரீமியர் லீக்கில் ஆடுகிற அணி, அதற்குப் பிறகு வருகிறேன்.

பஸ்ஸைப் பற்றி முதலில் கொட்டிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. ரயிலில் இருக்கை கிடைக்கவில்லை, மேட்ச் வாரத்தில் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் இரவு சொகுசு பஸ். வழக்கமான கட்டணத்தைவிட 700 ரூபாய் கூட வாங்கினார்கள். "மேட்ச் வாரம் அண்ணை, சீட்டே இல்லை" என்றார் முன்பதிவு செய்த பொடியன். சரி என்று கொடுத்தேன். ஜன்னலோர இருக்கை, 14ஆம் இலக்கம் என்று துண்டில் எழுதியும் தந்தார். ஏறிப் பார்த்தால் 14இல் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது, என்னைக் கடைசி வரிசை நடுவில் செருகினார்கள். புத்தளம் தாண்டியதும் குளிரூட்டி நின்றுவிட்டது. திறக்க முடியாத கண்ணாடி, ஐம்பது பேரின் மூச்சு. நடத்துநரிடம் கேட்டால் "இப்ப வரும், இப்ப வரும்" என்கிறார். வவுனியா வரைக்கும் வரவில்லை. நடுவில் சாப்பிட நிறுத்திய கடையில் ஒரு கொத்துரொட்டிக்கு கொழும்பில் கொடுப்பதைவிட ஒன்றரை மடங்கு விலை, அதுவும் ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. ஐந்தரைக்கு இறக்குவதாகச் சொன்னவர்கள் ஏழு பத்துக்கு இறக்கினார்கள். முதல் நாள் ஆட்டம் தொடங்குமுன் குளிக்க நினைத்தது அதோடு போயிற்று. சொகுசு என்ற பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அரச பஸ்ஸில் ஜன்னலாவது திறக்கும்.

ஆனையிறவில் விடிந்தது மட்டும் நல்லது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வீதி, வெளிச்சம் கீழிருந்து வருவது போல இருக்கும். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து மைதானத்துக்கு நடந்தே போகலாம், ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. மணிக்கூட்டுக் கோபுரம், வெள்ளை வெளேரென்று பொது நூலகம், அதற்குப் பக்கத்திலேயே துரையப்பா விளையாட்டரங்கு, சென்றல் மைதானம், கொஞ்சம் தள்ளிக் கோட்டை. 1981இல் எரிந்து மறுபடி எழுந்த நூலகத்தின் அருகில் நின்று கேட்டால் மைதானத்துப் பேண்ட் சத்தம் நன்றாகவே கேட்கும். எட்டரைக்கே கேட்டது. தோளில் பை, நேற்றைய உடுப்பு, அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கால் தானாக வேகம் எடுத்தது.

மைதானத்தை எப்படிச் சொல்வது? ஒரு பக்கம் எங்கள் நீலக் கொடி, மறுபக்கம் சென் ஜோன்ஸின் சிவப்பும் கறுப்பும். எல்லையைச் சுற்றிக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வருடத்துப் பழைய மாணவர்கள், அந்தந்த வருடத்துக்கென்று அச்சடித்த சேர்ட்டுகள். லண்டனிலிருந்து, டொரொன்டோவிலிருந்து, பாரிஸிலிருந்து இந்த மூன்று நாளுக்காகவே லீவு எடுத்து வந்தவர்கள். பேண்ட்காரர்கள் ஒரு நிமிடம் ஓயமாட்டார்கள். ட்ரம்பெட், மேளம், அதற்கேற்ற ஆட்டம். நான்கு அடித்தால் ஒரு மெட்டு, விக்கெட் விழுந்தால் வேறு மெட்டு. ஒரு பையன் ஐம்பது அடித்தால் கொடியோடு ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூட்டம் துடிக்கும், காவலர்கள் விரட்டுவார்கள், இரண்டு பேராவது தப்பி உள்ளே போய்விடுவார்கள். சர்வதேசப் போட்டிகளை கொழும்பு கெத்தாராமையில், அதாவது ஆர். பிரேமதாச அரங்கில், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த நெருக்கம் அங்கே இல்லை. எல்லைக்கோட்டில் களத்தடுப்பு செய்கிற பையனுக்கு நான் சொல்வது கேட்கிறது, திரும்பிச் சிரிக்கிறான். அவன் அம்மா எனக்கு மூன்று கதிரை தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் மடியில் கோடு போட்ட கொப்பியை வைத்து ஒவ்வொரு பந்தையும் குறித்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஓட்டம் ஒன்று தவறவிட்டு அவரிடம் கேட்கப் போய், அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு வருடத்துக்கும் கொப்பியில் இரண்டு பக்கமாம். பின்னோக்கிப் புரட்டிக் காட்டினார். யுத்த காலத்தில் மேட்ச் நடக்காமல் போன வருடங்கள் உண்டு. அந்த வருடங்களுக்கும் அவர் இரண்டு பக்கம் விட்டிருக்கிறார். மேலே வருடம் மட்டும் எழுதி, கீழே கட்டங்கள் கூடக் கீறி, வெறுமையாக. "ஏன் ஐயா, எழுத ஒண்டும் இல்லைதானே?" என்றேன். "அந்த வருசம் ஆட இருந்த பிள்ளையள் இருந்தவைதானே தம்பி" என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் எந்தப் பள்ளி என்று கடைசிவரை கேட்கத் தோன்றவுமில்லை.

சரி, சாப்பாடு. மைதானத்துக்குள் விற்கிற ரோல்ஸை விட்டுவிடுங்கள், விலை கூட, உள்ளே உருளைக்கிழங்கு மட்டும்தான். வெளியே தெருவோரம் ஒரு அம்மா விற்ற பருத்தித்துறை வடையை ஒரு பை வாங்கினால் இரண்டு இன்னிங்ஸ் தாங்கும். மெல்லிசாக, தட்டையாக, கடித்தால் நொறுங்கும், காரம் பிறகுதான் தெரியும். கூடவே வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை. மதியச் சாப்பாட்டுக்கு மலாயன் கபேக்கு நடந்து போனேன். வாழையிலையில் சோறும் மரக்கறியும், கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். மைதானத்தில் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக் கேட்ட காசைவிடக் குறைவு. போய் வர அரை மணி. மதிய இடைவேளைக்குள் திரும்பிவிடலாம்.

இப்போது எனக்குள் கிடந்து குமைகிற விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையின் இருபது ஓவர் தொடரான லங்கா பிரீமியர் லீக் 2020இல் தொடங்கியது. 2024 வரை ஐந்து பருவம். அதில் நான்கு தடவை கிண்ணம் யாழ்ப்பாண அணிக்கு: 2020இல் ஸ்டாலியன்ஸ் என்ற பெயரில், 2021, 2022, 2024இல் கிங்ஸ் என்ற பெயரில். 2024 ஜூலை 21 இரவு ஆர். பிரேமதாச அரங்கில் நானும் இருந்தேன். ரைலி ருசோ சதம் அடித்து, ஒன்பது விக்கெட்டால் காலி அணியை வீழ்த்திய அந்த இரவு வெள்ளவத்தை வரைக்கும் கத்திக்கொண்டே போனோம். இந்த அணியை நான் மனசாரக் காதலிக்கிறேன். ஊரின் பெயரைத் தொலைக்காட்சியில் செய்திக்காக இல்லாமல் வெற்றிக்காகச் சொல்லக் கேட்பது எங்கள் தலைமுறைக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த அணி யாழ்ப்பாணத்தில் ஒரு லீக் போட்டி கூட ஆடியதில்லை. ஒன்று கூட. 2020இல் எல்லாமே அம்பாந்தோட்டையில், கொரோனாக் காலம், அதை மன்னிக்கலாம். அதற்குப் பிறகும் கொழும்பு, பல்லேகல, தம்புள்ளை, அம்பாந்தோட்டை. வடக்கில் சர்வதேசத் தரத்தில் அரங்கு இல்லை என்பது காரணம். அது உண்மைதான். ஆனால் ஒரு பயிற்சி ஆட்டத்தை சென்றல் மைதானத்தில் வைக்க என்ன அரங்கு வேண்டும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தச் சேர்ட் போட்டவர்கள் இந்தப் புல்லில் நின்றால் போதும். இங்கே பன்னிரண்டு வயதுப் பையன் தன் ஊர் அணியைப் பார்க்க எட்டு மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டியிருக்கிறது. அப்பா அம்மாவோடு வந்து தங்கிப் பார்த்தால் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போகும்.

இன்னொன்றும் சொல்கிறேன். லீக் அணிகளின் பெயர்கள் நிற்பதில்லை. உரிமையாளர் மாறினால் பெயர் மாறும். தம்புள்ளையைப் பாருங்கள்: வைக்கிங், ஜயண்ட்ஸ், ஓரா, தண்டர்ஸ், சிக்ஸர்ஸ். ஐந்து பருவத்துக்குள் ஐந்து பெயர். தம்புள்ளைக்காரன் எந்தச் சேர்ட்டை வாங்கி வைப்பான்? சென்றலும் சென் ஜோன்ஸும் 1904இல் எந்தப் பெயரோடு இறங்கினவோ அதே பெயரோடுதான் இந்த வியாழக்கிழமையும் இறங்கின. ரசிகனுக்கு அது பெரிய தைரியம். 2025இல் லீக்கே தள்ளிப்போனது, உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்படுத்த வேண்டும் என்று. இருக்கலாம். ஆனால் பெரும் போர் தள்ளிப்போனால் ஊரே கேள்வி கேட்கும். கிங்ஸ் ஆட்டம் தள்ளிப்போனது யாழ்ப்பாணத்தில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. அணி ஊருக்குள் வராததன் விலை அதுதான்.

இரண்டையும் இணைக்கிற ஒரே பாலம் இப்போதைக்கு விஜயகாந்த் வியாஸ்காந்த். சென்றல் பையன், லெக் ஸ்பின். 2020 டிசம்பர் 4ஆம் திகதி, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள், ஸ்டாலியன்ஸுக்காக முதன்முதலாக இறங்கினான். எடுத்த முதல் விக்கெட் அஞ்சலோ மத்யூஸ். அன்றைக்கு எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை. 2024 மே 8இல் ஹைதராபாத் அணிக்காக லக்னோவுக்கு எதிராக ஐ.பி.எல்.லில் பந்து வீசினான். அந்த ஆட்டத்தில் அவனுக்கு விக்கெட் கிடைக்கவில்லை, ஆனால் நான்கு ஓவரையும் பதறாமல் முடித்தான். இப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த அதே முனையிலிருந்து பந்து வீசிப் பழகியவன் அவன். சென் ஜோன்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கு மாதுளன் இருக்கிறான். மலிங்கவைப் போல கையைப் பக்கவாட்டில் சுழற்றி யோர்க்கர் போடுகிற வேகப்பந்து வீச்சாளன், 19 வயதுக்குட்பட்ட இலங்கை அணி வரை போனவன். இந்த இரண்டு பேரையும் வைத்து நானும் என் நண்பனும் மூன்று இரவு சண்டை பிடித்தோம். அவன் சென் ஜோன்ஸ், சுண்டுக்குளியில் வீடு, நான் தங்கியதும் அவன் வீட்டில்தான்.

"மச்சான், உங்கட ஆள் பந்தைச் சுழற்றுவான், எங்கட ஆள் ஸ்டம்பை உடைப்பான்" என்பான். நான் விடவில்லை. ஆனால் ஒன்றில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம்: இந்த இரண்டு பேரும் ஒரே கிங்ஸ் அணியில், ஒரே ஆட்டத்தில், சென்றல் மைதானத்தில் இரண்டு முனையிலிருந்தும் பந்து வீச வேண்டும். அதைப் பார்க்க எவ்வளவு காசு கேட்டாலும் கொடுப்போம். பஸ்ஸுக்குக் கூட.

இரண்டாம் நாள் மாலை ஆட்டம் முடிந்ததும், கிங்ஸ் சேர்ட் ஒன்று மருமகனுக்கு வாங்கலாம் என்று பஜாரில் விளையாட்டுச் சாமான் கடைகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். மூன்று கடை. மூன்றிலும் சென்னை சேர்ட் இருக்கிறது, பெங்களூர் சேர்ட் இருக்கிறது, ஆர்ஜென்ரீனா இருக்கிறது. யாழ்ப்பாணம் இல்லை. "அது இஞ்ச வாறேல்லை அண்ணை" என்றார் கடைக்காரர். யாழ்ப்பாண அணியின் சேர்ட் யாழ்ப்பாணத்தில் கிடைக்கவில்லை! வெறுத்துப் போய் 1,500 ரூபாய்க்கு எங்கள் கூடாரத்தில் விற்ற நீலச் சேர்ட்டை மறுநாள் வாங்கினேன். துணி நல்ல துணி, அச்சும் உரியாது போலிருக்கிறது.

நகரத்துக்குப் பக்கத்துத் தீவான மண்டைதீவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அங்கேதான் யாழ்ப்பாணம் சர்வதேச கிரிக்கெட் அரங்குக்கு அடிக்கல் நாட்டினார். அந்த இடத்தை என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று மாலை ஐந்தரைக்கு ஓட்டோ ஒன்றை நிறுத்தினேன். போக, பத்து நிமிடம் நிற்க, திரும்பி வர 1,200 ரூபாய் என்று பேசித்தான் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் கொஞ்சத் தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினார். "உள்ளுக்குப் போறதெண்டால் மூவாயிரம் வேணும், றோட்டுச் சரியில்லை" என்கிறார். பேசியது என்ன என்று கேட்டேன். "அது இதுவரைக்கும்" என்கிறார். தனியாக நிற்கிறேன், இருட்டப்போகிறது, கடல் காற்று அடிக்கிறது, வேறு வண்டியும் கண்ணில் படவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். 600 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு இறங்கி நடந்தேன். அவர் பின்னால் கத்தியது காதில் விழுந்தது, திரும்பவில்லை. யாழ்ப்பாணத்தில் மீட்டர் போட்ட ஓட்டோக்கள் உண்டு, செயலி வழியாகவும் கூப்பிடலாம். நான் அவசரப்பட்டுவிட்டேன். நீங்கள் மீட்டர் இல்லாத வண்டியில் ஏறாதீர்கள்.

ஆனால் அந்த நடை வீண் போகவில்லை. இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீர், இறால் கூடுகள், நீருக்குள் இடுப்பளவில் நின்று வலை இழுக்கிற ஒருவர், அந்தப் பக்கம் தட்டையாக மண்டைதீவு. அங்கேதான் அரங்கு வரப்போகிறது. அந்தத் தீவின் ஈரநிலமும் கண்டலும் பறவைகளும் என்னாகும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்பது நியாயம்தான். அரங்கு வேண்டும் என்று ஆசைப்படுகிற எனக்கே அந்த நீர்ப்பரப்பைப் பார்த்தபோது அந்தக் கேள்வி வந்தது. பதிலைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கட்டட்டும். கட்டினால் நான் முதல் நாள் முதல் வரிசையில் இருப்பேன், கிங்ஸ் கொடியோடு.

அன்றிரவு நண்பனின் அம்மா ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். இதற்கு ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, எல்லாவற்றையும் பெரிய பானையில் அவித்து, செத்தல் மிளகாய் அரைத்துக் கூட்டி, பழப்புளி விட்டு, பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். முற்றத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பிலாவிலையைக் கோலிக் குடித்தோம். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஓடுகிறது, யாரும் நிறுத்தவில்லை. "சென்றல் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து, நாளைக்குக் கத்த வேணும்" என்றார் அம்மா. நான் நான்கு பிலாவிலை குடித்தேன். பஸ், ஓட்டோ, சேர்ட், எல்லாக் கோபமும் அந்தப் பானைக்குள் கரைந்துவிட்டது.

மூன்றாம் நாள் முடிவு என்ன என்பது எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டது, அதை நான் மறுபடி எழுதவில்லை. மதியத்துக்குப் பிறகு நான் உட்காரவே இல்லை என்று மட்டும் சொல்கிறேன். தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் மைதானம் அப்படியே அமைதியாகி, பிறகு வெடித்தது. பேண்ட்காரர்களில் ட்ரம்பெட் ஊதிய பையனுக்கு உதடு வெடித்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஊதினான். கடைசிப் பந்து முடிந்ததும் பெரியவரைத் தேடிப் போனேன். கொப்பியில் மொத்தத்தைக் கூட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், தொந்தரவு செய்யவில்லை.

சொல்வதாகச் சொன்ன மற்ற விஷயங்கள், சுருக்கமாக. தங்குமிடம்: நாவலர் வீதிப் பக்கம் ஒரு விடுதியில் தொலைபேசியில் 6,500 என்று சொன்ன அறைக்கு நேரில் போனதும் 9,500 கேட்டார்கள், மின்விசிறி மட்டும்தான். அதனால்தான் நண்பன் வீட்டுக்குப் போனேன். தெரிந்தவர்கள் இல்லையென்றால் மாசி பிறக்கும்போதே அறையைப் பேசி முற்பணம் கட்டி, எழுத்தில் வாங்கிவிடுங்கள். வெயில்: தொப்பி, துவாய், இரண்டு லீற்றர் தண்ணீர். மாலையில் நல்லூர்ப் பக்கம் போனால் ரியோவில் ஐஸ்கிரீம், கூட்டம் இருந்தாலும் நில்லுங்கள். மூன்று நாளுக்கு, பஸ் போக்குவரத்தோடு, ஓட்டோக்காரருக்குக் கொடுத்ததையும் சேர்த்து எனக்கு 17,000 ரூபாய்க்குக் கிட்டப் போனது. பெரும் போர் முடிந்த கையோடு பொன் அணிகளின் போரையும் பார்க்க முடிந்தால் பாருங்கள், சென் பற்றிக்ஸும் யாழ்ப்பாணக் கல்லூரியும் மோதுவது. எனக்கு லீவு இல்லை.

அடுத்த வருடத்துக்கு ரயில் முன்பதிவு திறக்கிற நாளை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிட்டேன். நண்பனின் அம்மாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன், நண்டு வாங்க முதல் நாளே சொல்ல வேண்டுமாம்.